எத்தனை உறை தண்ணீர்? சென்னையில் ஆறு நாள்

முதல் நாள், 11 பிப்ரவரி 2025, செவ்வாய்

ராத்திரி கோவையில் ஏறி, விடிந்ததும் சென்ட்ரலில் இறங்கினேன். தைப்பூச விடுமுறை. மூர் மார்க்கெட் பக்கத்து மின்சார ரயில் நிலையத்தில் கூட்டமே இல்லை. ஆவடி வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. பேசின் பாலம் தாண்டி பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே இந்த வரிசை எனக்கு மனப்பாடம். வண்டி நிற்கும்போதெல்லாம் அப்பா என் கையைத் தட்டி, "இது எது?" என்பார். தப்பாகச் சொன்னால் திருத்த மாட்டார். அடுத்த தடவை அந்த ஸ்டேஷன் வரும்வரை பொறுத்திருப்பார்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. போன மாசி, தேய்பிறைச் சதுர்த்தி. 91 முடிந்து 92 நடந்துகொண்டிருந்தது. வருஷத் திதி வருகிற ஞாயிறு. "சனிக்கிழமை வந்தாப் போதும்க்கா" என்றுதான் தம்பி சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போன இடங்களை ஒரு தடவை சுற்றிவிட்டு வந்துதான் அவர் படத்துக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று தோன்றியது. எல்லா இடத்துக்கும் போக முடியாது, அவ்வளவு இடம். முடிந்தவரை போகிறேன். தினமும் ராத்திரி எழுதிப் போடுகிறேன்.

வண்டி லோகோ தாண்டும்போது ஐ.சி.எஃப். நினைப்பு வராமல் இருக்காது. 1955 அக்டோபர் 2-ல் நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. மறுவருஷமே அப்பா அங்கே சேர்ந்தார். மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்த பையன். ஷெல் பிரிவில் வெல்டர் வேலை, 34 வருஷம், 1990-ல் ஓய்வு. 2023 ஏப்ரலில் சென்னை கோவை வந்தே பாரத் ஓடத் தொடங்கியதும், அதில்தான் என் வீட்டுக்கு வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். அதுவும் ஐ.சி.எஃப். பெட்டிதானே! கோவையில் இறங்கியவர் உடனே நகரவில்லை. கதவோரத் தகட்டைக் கட்டை விரலால் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவினார். "பசங்க நல்லாப் பண்ணியிருக்காங்க" என்றார். பின்னால் இறங்கக் காத்திருந்தவர்கள் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அந்த விரலைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

வில்லிவாக்கத்தில் எங்கள் தெருமுனைப் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கிறது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மயில்கொன்றைகளும் தூங்குமூஞ்சிகளும் வேரோடு சாய்ந்தன. அப்பா நட்ட புங்கைக்கு இரண்டு கிளை மட்டும் போயிற்று. மரத்தில் இன்னும் அந்த அட்டை தொங்குகிறது. அதைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டேன்.

அட்டையின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பழைய வீடுகள் எல்லாவற்றிலும் உறைக்கிணறு உண்டு. சிமெண்ட் உறை ஒவ்வொன்றும் ஓரடி உயரம். தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை அடியில் சொல்ல மாட்டோம், உறையில்தான் சொல்வோம். "பத்து உறை இறங்கிடுச்சு" என்றால் எல்லாருக்கும் புரியும். அப்பா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் முகச்சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். ஓரமெல்லாம் ரசம் உதிர்ந்துபோன வட்டக் கண்ணாடி. ஒரு பிள்ளை அதைக் கிணற்றின் விளிம்பில் பிடிக்கும். வெயில் கண்ணாடியில் பட்டு, வட்டமாகக் கிணற்றுக்குள் இறங்கும். பாசி படிந்த உறைகள் ஒன்றொன்றாக வெளிச்சத்துக்கு வரும். அடியில் தண்ணீர் சடாரென்று மின்னும். அந்த மின்னலுக்காகவே எந்தப் பிள்ளை கண்ணாடி பிடிப்பது என்று சண்டை நடக்கும். அப்பா குனிந்து எண்ணி, பழைய தினசரிக் காலண்டர் அட்டையில் வீட்டு எண்ணையும் உறைக் கணக்கையும் எழுதி மரத்தில் மாட்டிவிடுவார்.

அது சும்மா கணக்கு எழுதும் வேலை என்றுதான் முதலில் எல்லாரும் நினைத்தோம். 2001-ல் எங்கள் வீட்டு மாடித் தண்ணீரைக் குழாய் போட்டு, ஜல்லி, மணல் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றுக்கே விட்டார். அந்த வருஷ மழைக்குப் பிறகு அட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த எண், பக்கத்து வீட்டு எண்ணைவிட இரண்டு குறைவு. இரண்டு உறை மேலே தண்ணீர். அவர் யாரிடமும் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. இஸ்திரி போட்ட துணி வாங்க வந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். 2003-ல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியபோது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வேலை முடிந்திருந்தது.

"தாத்தா எழுதுனதும்மா. கடைசியா எழுதுனது அப்படியே கீது. நான் கயட்டவே இல்ல" என்றார் இஸ்திரி அக்கா. மழையில் எழுத்து கரைந்து, நீல மைக் கறை மட்டும் தெரிகிறது.

இரண்டாம் நாள், 12 பிப்ரவரி, புதன்

இன்று புழல்.

சிறுவயதில் ஞாயிறு காலை ஐந்து மணிக்குக் கிளம்புவோம். நானும் தம்பியும் மட்டும் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. எதிர்வீட்டு மூன்று பேர், கோடிவீட்டுப் பையன், அப்பாவோடு வேலை பார்த்தவரின் பிள்ளைகள். சைக்கிளில் இருவர், மற்றவர்கள் நடை. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை சைக்கிள்காரர்கள் இறங்கி நடப்பார்கள், நடந்தவர்கள் ஏறிக்கொள்வார்கள். அம்மா கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலம் ஹேண்டில் பாரில் ஆடும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறிய அந்த இட்லியின் மணம் ரெட்டேரி தாண்டும்போதே பசியைக் கிளப்பிவிடும்.

நான் கொளத்தூர் வழியாக ரெட்டேரி வரை நடந்தேன். 62 வயசுக்கு அதுவே போதும். ஆகாயத்தாமரை ஒரு பக்கம் மூடிக்கிடக்கிறது, மறுபக்கத் தண்ணீரில் நாமக்கோழிகள் மேய்கின்றன. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் புழல்.

ஏரி நிறையவே தண்ணீர். காற்றில் அலை அடிக்கிறது. 1876-ல் சென்னையின் குடிநீருக்காகப் பெரிதாக்கிய ஏரி இது. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, உயரம் 21.20 அடி. இந்த எண்களை நான் எங்கும் தேடவில்லை. அப்பா பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது ஏரி நிலவரம்தான். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சத்தமாக வாசிப்பார். அதற்குப் பிறகுதான் தலைப்புச் செய்தி.

2019 ஜூனில் இதே ஏரி வெடித்துக் கிடந்தது. நான்கு ஏரிகளும் வற்றி, ஊர் முழுக்கக் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய கோடை. "என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். அப்போது அவருக்கு 86. கரையோரம் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாராம். ரொம்ப நேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மத்தியானம் சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு எழுந்து முகம் கழுவி, தெருவில் இருக்கிற இளவட்டங்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டார். "கிணறு எல்லாம் வத்திப்போச்சு. தூர் வார இதைவிட நல்ல நேரம் கிடைக்காது" என்றாராம். மூன்று வாரத்தில் பதினொரு கிணற்றில் தூர் வாரினார்கள். சேற்றிலிருந்து வந்த குடங்களையும் தேங்காய்களையும் ஒரு வெள்ளிக் கொலுசையும் தம்பி இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறான்.

சூரப்பட்டுப் பக்கம் அந்தப் பம்புசெட் கிணற்றைத் தேடினேன். எங்கே பார்த்தாலும் வீடுகள். கிணறு இருந்த இடத்தைக்கூட அடையாளம் காண முடியவில்லை. அங்கேதான் அப்பா எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். நன்றாகக் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து முதுகில் கட்டிவிடுவார். முதல் வாரம் இரண்டு குடுக்கை, அப்புறம் ஒன்று. ஒரு நாள் நான் பாதிக் கிணறு கடந்த பிறகு திரும்பிப் பார்த்தால், குடுக்கை படிக்கட்டில் அவர் பக்கத்தில் இருந்தது. இந்தக் கிணற்றில் பெண்பிள்ளைகளை இறக்குகிறாரே என்று தெருவில் பேச்சு வந்தது. வீட்டுக்கே வந்து கேட்ட ஒரு பெரியவரிடம் அப்பா சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கிணறு ஆம்பள பொம்பள பாக்காதுங்க ஐயா. தெரியாம விழுந்தா யாரையும் முழுங்கும்." அடுத்த வாரம் அந்தப் பெரியவரின் பேத்தியும் எங்களோடு வந்தாள்.

மூன்றாம் நாள், 13 பிப்ரவரி, வியாழன்

நேற்றைய நடை முழங்காலில் தெரிகிறது. கிண்டிக்கு மட்டும் போய் வந்தேன். 270 ஹெக்டேர் காடு, நகரத்துக்கு நடுவில். 1978-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு முன்பே, 1972-ல் ராமுலஸ் விட்டேகர் ஆரம்பித்த பாம்புப் பண்ணைக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து தெருவில் சாரைப்பாம்பைக் கண்டால் தடியை எடுப்பது நின்றது. "அது எலி பிடிக்கட்டும், விடுங்க" என்று குறுக்கே நின்றுவிடுவார்.

வேலிக்கு அப்பால் ஒரு புள்ளிமான் கூட்டம். வெளிமான் கண்ணில் படவில்லை. சீக்கிரம் வந்து படுத்துவிட்டேன்.

நான்காம் நாள், 14 பிப்ரவரி, வெள்ளி

அம்மாவையும் அழைத்துக்கொண்டு வேடந்தாங்கல். தம்பி காரை ஓட்டினான். அம்மாவுக்கு 84. ஏறி உட்காரவே ஐந்து நிமிஷம். ஆனாலும் நேற்று ராத்திரியே புடவையை எடுத்து வைத்துவிட்டாள்.

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு தாண்டியதும் அம்மா பேச ஆரம்பித்தாள். கல்யாணம் 1960-ல். மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா, "ஒரு இடம் காட்டுறேன் வா" என்று மாட்டுவண்டியில் ஏற்றியிருக்கிறார். கோயிலுக்குத்தான் போகிறோம் என்று பட்டுப்புடவையும் பூவுமாகக் கிளம்பினாள் அம்மா. வண்டி நின்றது ஏரிக்கரையில். "எங்க பாத்தாலும் கொக்கும் நாரையும். அந்த நாத்தம் இருக்கே! நான் முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டேன். உங்கப்பா என்னடான்னா, இந்த நாத்தம்தான் எங்க ஊரு சோறுன்னாரு."

அவர் சொன்னது நிஜம். மரத்தில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது தனியாக உரம் போட வேண்டியதில்லை. அதனால்தான் இந்த ஊர்க்காரர்கள் பறவையைத் தொட விட்டதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட வந்தபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல்தான் சேர்ந்தது. ஊருக்கு அந்த அறிவு அதற்கு இருநூறு வருஷம் முன்பே இருந்தது. தீபாவளிக்கு இங்கே வேட்டு வெடிப்பதில்லை. அப்பாவின் கிராமத்துக்கும் அந்தப் பழக்கம் உண்டு. சென்னை வந்த பிறகும் எங்களுக்கு மத்தாப்பும் புஸ்வாணமும்தான் வாங்கித் தருவார். புங்கமரத்தில் காக்கை கூடு இருக்கிறது என்பார். அந்த வயசில் எனக்கு அழுகையாக வரும். இன்று காலை கரையில் நிற்கும்போது, அவர் எந்த ஊரிலிருந்து அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார் என்று நேரில் பார்த்தேன்.

கரை முழுக்க நல்ல கூட்டம், பறவைகளைச் சொல்கிறேன். நீர்க்கடம்பு மரங்களில் கிளை தெரியாத அளவுக்குக் கூடுகள். நத்தைக்குத்தி நாரைக் குஞ்சுகள் வாயைத் திறந்தபடி கழுத்தை ஆட்டுகின்றன. கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா. தம்பி அப்பாவின் பழைய பைனாகுலரைக் கொண்டுவந்திருந்தான். அம்மா அதுவரை அதில் பார்த்ததே இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. எப்போதும் டிபன் கேரியரைப் பார்த்துக்கொள்வதும், பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் இழுத்துப் பிடிப்பதும் அவள் வேலை. இன்று பட்டையைக் கழுத்தில் மாட்டி, திருகிச் சரிசெய்து கொடுத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அப்புறம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குஞ்சுக்கு எறக்கைய விரிச்சு நெழல் குடுக்குதுடி" என்றாள். வெயிலுக்கு எதிராக ஒரு நாரை இரண்டு சிறகையும் குடைபோல் விரித்து நின்றுகொண்டிருந்தது. அரைமணி நேரம் பைனாகுலரை யாருக்கும் தரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அந்தப் பழைய கோபத்தைச் சொன்னாள். "ஒரு ஐப்பசி மழை. தம்பிக்கு ஜுரம் நெருப்பா கொதிக்குது. உங்கப்பா ஏரி உடைஞ்சுடும்னு மண்ணு மூட்டை தூக்கப் போயிட்டாரு. ராத்திரி பூரா நான் ஒத்தையா ஈரத்துணி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். விடியும்போது சேறும் சகதியுமா வந்து வாசல்ல நின்னாரு. நான் வாயே தொறக்கல. நாலு நாளு பேசல."

"அஞ்சாம் நாள்?" என்றான் தம்பி.

"அஞ்சாம் நாள் உங்க ரெண்டு பேரையும் பக்கத்து வீட்ல விட்டுட்டு இங்க கூட்டிட்டு வந்தாரு. பறவையே இல்ல. கூடு கட்டவே ஆரம்பிக்கல. தப்புத்தான்னாரு. ரெண்டு பேரும் காலி மரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

அப்பா ஊருக்கு உழைத்தார் என்று வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த உழைப்பில் அம்மாவின் அந்த ராத்திரியும் சேர்ந்தது என்பதை நான் எழுதியே ஆக வேண்டும். அவரும் அதை மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த மழை ராத்திரியில் வெளியே போனாலும், பக்கத்து வீட்டு அத்தையை அம்மாவுக்குத் துணை இருக்கச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்.

திரும்பும்போது மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரை வணங்கினோம். பெருமழையில் ஏரி உடையும் நிலையில் ராமரும் லட்சுமணரும் கரையில் வில்லோடு நின்று காத்ததைக் கண்டதாகச் சொல்லப்படுவதும் அதே கலெக்டர் பிளேஸ்தான். அப்பா இந்தக் கதையை விரும்பிச் சொல்வார். முடிக்கும்போது மட்டும் ஒன்று சேர்ப்பார். "ராமர் வில்லோட நின்னாரு, சரி. ராத்திரி பூரா கூடையில மண்ணு சுமந்தவங்களையும் கும்பிட்டுக்க."

ஐந்தாம் நாள், 15 பிப்ரவரி, சனி

எழுதும்போது ஞாயிறு விடியற்காலை நான்கு. உப்புக்காற்று இன்னும் தலைமுடியில் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்குப் பகல் போதவில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, 90-களில் அவர்களோடு நடக்கப் போனார். வில்லிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி! நடுராத்திரி நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை மணலில் ஏழு கிலோமீட்டர். என் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் அவர்களையும் இழுத்துப்போவார். என் மகன் இன்றைக்கும் தாத்தா என்றால் கடலைத்தான் சொல்வான்.

நேற்று இரவு தம்பி மகனோடு போனேன். நிலா மேலே ஏறியிருந்தது. டார்ச் அடிக்கக் கூடாது, வெளிச்சம் ஆமையைக் குழப்பும். எங்களைக் கூட்டிப்போனவர்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர். அப்பாவின் அடையாளம் சொல்லிப் பார்த்தேன். உயரம், வெள்ளை வேட்டி. அவர் யோசித்தார். "கைமுறுக்கு டப்பா கொண்டுவருவார்" என்றதும் நின்றுவிட்டார். "முறுக்குத் தாத்தாவா! அவர் பொண்ணா நீங்க?" மூன்று மணிக்குப் பசியில் எல்லாரும் துவளும்போது அப்பா டப்பாவைத் திறப்பாராம். வரிசையில் கடைசியாக நடக்கிறவருக்குத்தான் முதலில் நீட்டுவாராம்.

கொட்டிவாக்கம் தாண்டி ஒரு ஆமை ஒதுங்கிக் கிடந்தது. செத்து இரண்டு மூன்று நாள் இருக்கும். கண் வீங்கி வெளியே தள்ளியிருந்தது. இந்த ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. இழுவலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் இந்தச் சாவு. தாடிக்காரர் ஓட்டின் நீள அகலத்தை அளந்து எழுதிக்கொண்டார். நாங்கள் யாரும் பேசவில்லை. அப்பா இருந்திருந்தால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்கு வந்திருக்க மாட்டார். அடுத்த நாளே யார் கதவையாவது தட்டியிருப்பார்.

திருவான்மியூர் நெருங்கும்போது தடம் கிடைத்தது. கடலிலிருந்து ஏறிய தடம், இறங்கிய தடம். டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல இரண்டு பக்கமும் துடுப்புக் கீறல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மாணவி மண்டியிட்டு விரலால் மணலைத் தட்டிப் பார்த்தாள். மணல் இளகிய இடத்தில் கையை விட்டாள். முழங்கை வரை போனது. முட்டை! ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் வைத்தார்கள். எனக்கும் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வெள்ளையாக, பந்துபோல் உருண்டை, ஓடு தோல்போல் மெத்தென்று அமுங்குகிறது, ஈரம். பதறாமல் வைத்திருக்கப் பெரும்பாடு. மொத்தம் 118. பெசன்ட் நகர்க் காப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி இறக்கினார்கள். மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். 45 நாளுக்கு மேல் ஆகும் பொரிக்க. கணக்குப் போட்டால் பங்குனிக் கடைசி. பங்குனி ஆமை என்று மீனவர்கள் பேர் வைத்தது சும்மாவா!

அம்மா சுட்டுக்கொடுத்த முறுக்கு என் பையில் இருந்தது. மூன்று மணிக்குத் திறந்தேன். கடைசியாக நடந்து வந்த பையனிடம் முதலில் நீட்டினேன்.

ஆறாம் நாள், 16 பிப்ரவரி, ஞாயிறு

திதி நல்லபடி முடிந்தது. காக்கைக்கு வைத்த சோற்றைக் கூப்பிட்ட மறுநொடி வந்து எடுத்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

சாப்பாட்டுக்குத் தெருவே வந்தது. சொல்லி அழைத்தது நாற்பது பேரை. பந்தி நாலு முறை நடந்தது. ஆட்டோ ஓட்டும் ஒருவர் ஒன்பது வயசுப் பையனை என் முன்னால் நிறுத்தினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கைக்குழந்தையாக இருந்தவன். "கீழ்வீட்டுல இடுப்பளவு தண்ணி. பால் கெடையாது, கரண்ட் கெடையாது. உங்கப்பா மாடியிலேர்ந்து எந்த வீட்டுல கைக்குழந்த, எந்த வீட்டுல மாசமா இருக்கறவங்கன்னு லிஸ்ட் போட்டு எங்ககிட்ட குடுத்தாரு. பவுடர் பால் மொதல்ல இவனுக்குத்தான் வந்துச்சு" என்றார். அப்பாவுக்கு அப்போது 83. தண்ணீரில் இறங்க நாங்கள் விடவில்லை. அந்த மூன்று நாளும் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிற்று என்று அம்மா சொன்னாள்.

கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது அலமாரியில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். பக்கத்தில் அவருடைய சவரப் பிரஷ், மயிர் கொட்டிப்போய். தம்பியின் பேத்தி என் பின்னாலேயே வந்திருக்கிறாள். ஏழு வயசு.

"அத்தைப் பாட்டி, நான் புடிக்கட்டா? தாத்தா இருக்கும்போது நான்தான் புடிப்பேன்."

விளிம்பில் சாய்த்துப் பிடித்தாள். அவளுக்குப் பழகிய கை. வெளிச்சம் சுவரில் தடுமாறாமல் நேராக உள்ளே இறங்கியது. நான் குனிந்தேன். ஒன்று, இரண்டு. நாலாவது உறையில் சின்னதாக ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. ஐந்து, ஆறு. ஏழாவது உறையின் பாதியில் மின்னியது.

"ஆறரை" என்றேன்.

"தாத்தா அரையெல்லாம் எழுத மாட்டார். ஏழுன்னு போடு."

வாசலில் இஸ்திரி அக்கா நின்றிருந்தார். வெள்ளையாக ஒரு புது அட்டை கையில். எங்கிருந்து எடுத்தாரோ தெரியவில்லை. பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டுக் கிணத்தையும் பாத்துடுங்கம்மா, ஒரு வருஷமா யாரும் எட்டிப் பாக்கல" என்றார். அவர் வீட்டில் ஒன்பது. அடுத்த வீட்டில் எட்டு. கோடிவீட்டில் கிணற்றுக்கு மேல் வலை போட்டிருந்தார்கள், அதைத் தூக்கிவிட்டு எண்ணினோம். அங்கே பதினொன்று. போன மழைக்கு அவர்கள் வீட்டுக் குழி மண் அடைத்துக் கிடந்திருக்கிறது. தம்பி மகன் அடுத்த ஞாயிறு வந்து ஜல்லியை அள்ளிப்போட்டுச் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறான்.

மூன்றரை ஆகிவிட்டது. எதிர்ச்சாரி அடுக்குமாடியின் நிழல் தெருவுக்குள் நீண்டுகொண்டு வந்தது. இன்னும் ஆறு வீடு பாக்கி. பேத்தி கண்ணாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

"சீக்கிரம் வா அத்தைப் பாட்டி, வெயில் போவுது!"